அந்தமானில் இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் மட்டும் கட்டி வையுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். திருமணமாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் நானும் கணவரும் எட்டு நாள் அந்தமான் போகிறோம். முதுகில் ஆளுக்கொரு பை, அவ்வளவுதான். "எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம், போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அவர். ஊர் தெரியாத தீவில் அறைக்கு அலைய எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தையோ, பேக்கேஜ் டூரில் போனால்தான் நிம்மதி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எங்கள் இருவருக்கும் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும், கடல் பழக்கமில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்தப் பயமும் சரி. ஈரோட்டில் உட்கார்ந்து தம்பதிகளுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். பேக்கேஜ் விற்றால் எனக்கும் வருமானம் கூடும். இருந்தாலும் உங்கள் வயதில், முதுகுப் பையோடு போகிற இருவருக்குப் பேக்கேஜ் வேண்டாம் என்றே சொல்வேன். அதில் எட்டு நாளும் மணிக்கணக்குப் போட்டு நிரப்பியிருக்கும். பிடித்த கடற்கரையில் இன்னொரு நாள் இருக்கலாம் என்று தோன்றும்போது வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். ஒரு தீவுக்குப் போய் அப்படி ஓடுவதில் என்ன இருக்கிறது?

ஆனால் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அப்படியல்ல. அந்த இரண்டும் கப்பல் நேரத்துக்கும் வானிலைக்கும் கட்டுப்பட்டவை. அவற்றை ஊரிலிருந்தே கட்டி வையுங்கள். விமானம் இறங்கும் போர்ட் பிளேரில் முதல் இரவுக்கு ஓர் அறை, மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட், ஹேவ்லாக்கில் முதல் இரண்டு இரவுகள், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு மறுபடியும் போர்ட் பிளேரில் ஓர் அறை, அன்று திரும்பி வருவதற்கான கப்பல். நடுவில் இருக்கும் நாட்களை உங்கள் கணவர் விருப்பப்படியே விட்டுவிடுங்கள். (போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. டிக்கெட்டிலும் பலகையிலும் இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும், குழம்ப வேண்டாம்.)

இறங்கும் நாளை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அன்று நீங்கள் இருவரும் வழக்கமான ஆட்களாக இருக்க மாட்டீர்கள். ஈரோட்டில் இரவு ரயில் ஏறுகிறீர்கள். விடிவதற்கு முன்பே சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு விமான நிலையம், வரிசை, சோதனை. இரண்டேகால் மணி நேரம்போல விமானம். தூங்காத உடம்போடு அங்கே கதவுக்கு வெளியே வரும்போது முகத்தில் ஈரக்காற்று அடிக்கும். நம் பக்கத்துக் காற்று காய்ந்த காற்று. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, நமக்குக் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு. ஜனவரியில் மழை இருக்காது, ஆனாலும் அந்தப் புழுக்கம் பழக ஒரு நாள் ஆகும்.

இதோடு வெளிச்சக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கும் இந்திய நேரம்தான். ஆனால் தீவு நமக்குக் கிழக்கே பதினைந்து பாகை தள்ளி இருக்கிறது. அதனால் சூரியன் ஈரோட்டைவிட ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து ஒரு மணி நேரம் முன்னதாக விழும். ஜனவரி கடைசியில் மாலை ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. நம்மூரில் அந்த நேரத்தில் மாடு பிடித்துக் கட்டக்கூட வெளிச்சம் இருக்கும் என்பதால், புதிதாகப் போகிறவர்கள் இதை மனதில் வைப்பதே இல்லை.

என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, அறையை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று கிளம்பிய ஒரு திருப்பூர்த் தம்பதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விமானம் இறங்கிய அன்றே பிற்பகல் கப்பலைப் பிடித்து ஹேவ்லாக் போயிருக்கிறார்கள். படகுத்துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு விடுதியின் பெயரைச் சொல்கிறார்கள். கணவர் ஒரு ஆட்டோவில் ஏறி அறை பார்க்கப் போனார். மனைவி இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். போனில் சிக்னல் எடுக்கவில்லை. முதல் விடுதியில் இடமில்லை, இரண்டாவதில் வாடகை அதிகம், மூன்றாவதில் பாத்ரூம் சரியில்லை. அவர் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அந்தப் பெண் மதியச் சாப்பாடும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த அறைக்கே, சொன்ன வாடகை கொடுத்துப் போனார்கள். அந்த அறை நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நேரமும் களைப்பும் தவிர அங்கே வேறு யார் மேலும் குற்றமில்லை. இதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

முதல் நாள் போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்குங்கள். மாலையில் செல்லுலார் சிறைக்குப் போய்வாருங்கள். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையில் ஏழு கிளைகள் இருந்தன, இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் அறைக் கதவுகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும்; ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அப்படிக் கட்டினார்கள். மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்த இடத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

ஹேவ்லாக் கப்பலைப் பற்றி. அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும். டிக்கெட் மலிவு, இரண்டரை மணி நேரம் ஆகும், பருவ காலத்தில் இடம் கிடைப்பது கடினம். தனியார் கப்பல்கள் பெரும்பாலும் ஹாடோ துறையிலிருந்து போகின்றன. ஒன்றரை மணி நேரம், குளிர்சாதனம் உண்டு, காசு பல மடங்கு. எந்தத் துறை என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும்; அடையாள அட்டையும் பையும் சோதிப்பார்கள். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று உங்களுக்கே தெரியாது என்பதால், மருத்துவரைக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்தபின் போட்டால் பலனில்லை. வயிறு முட்டச் சாப்பிடாமலும் வெறும் வயிற்றோடும் இல்லாமல் ஏறுங்கள். இஞ்சி மரப்பா இரண்டு பாக்கெட் கையில் இருக்கட்டும். இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் முன்பக்கம் வேண்டாம். நடுவிலோ பின்னாலோ கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள், அதிலும் புதிதாகத் திருமணமான பெண்கள், மிகவும் தடுமாறுகிறார்கள். விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ இனிஷியல். உங்கள் ஆதாரில் அப்பாவின் இனிஷியலும், வாக்காளர் அட்டையில் கணவர் பெயரும் இருக்கலாம். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே டிக்கெட் போடுங்கள். விமானத்துக்கும் கப்பலுக்கும் விடுதிக்கும் அதே அட்டை. முகவரி உங்கள் பிறந்த வீட்டுடையதாக இருந்தால் கவலை வேண்டாம். விடுதியில் இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள், அது வழக்கம்தான். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போக இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை.

பையைப் பொறுத்தவரை நீங்களே தெளிவாக இருக்கிறீர்கள். கையில் ஏழு கிலோவுக்குள் என்றால் விமானத்தில் இறங்கியதும் நடையைக் கட்டலாம். டர்க்கி டவல் அந்த ஈரத்தில் இரண்டு நாளானாலும் காயாது. சென்னிமலைத் துண்டு இரண்டு போதும். ஜீன்ஸ் வேண்டாம். காலுக்கு ரப்பர் செருப்பு மட்டும் போதாது, பின்பட்டை உள்ள செருப்பு ஒன்று வேண்டும். செத்த பவளத் துண்டுகள் கண்ணாடிச் சில்லுபோலக் கீறும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அத்தை காங்கயத்துக் கொப்பரை கட்டிக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்: எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று விமானத்தில் கொப்பரைக்குத் தடை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் 100 மில்லிக்குள் ஒரு சிறு பாட்டிலில் எடுத்துப் போங்கள். மாலை நேரத்தில் கடற்கரை மணலில் கண்ணுக்கே தெரியாத மணல் ஈக்கள் கணுக்காலைக் கடிக்கும். எண்ணெய் தடவிய தோலில் அவற்றால் எளிதில் உட்கார முடிவதில்லை. கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகி ஒரு வாரம் படுத்தும்.

இனி கடல். உங்கள் கடிதத்தில் "கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும்" என்ற வரியைப் படித்ததும்தான் இந்தப் பதிலை விரிவாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். சுரைப்புரடை (காய்ந்த சுரைக்காய்) கட்டிக் கிணற்றில் பழகி, கீழ்பவானி வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்தத் துணிச்சல்தான் கடலில் ஆபத்து. கிணற்றில் நான்கு பக்கமும் சுவர். வாய்க்காலில் இரண்டு பக்கமும் கரை. தண்ணீர் போகும் திசையும் தெரியும். கடலில் அலை உங்களைக் கரைக்குத் தள்ளுவதுபோலத் தெரியும், ஆனால் வந்த தண்ணீர் எல்லாம் ஏதோ ஓர் இடத்தில் ஒன்றுசேர்ந்து உள்ளே திரும்பிப் போயாக வேண்டும். அந்த இடத்தில் அலை உடையாது, மேற்பரப்பு அமைதியாக இருக்கும், நுரை கடல் பக்கமாக நகரும். பழக்கமில்லாதவர்கள் அமைதியான இடம் என்று அங்கேயேதான் இறங்குவார்கள். உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள்; எவ்வளவு பெரிய நீச்சல்காரருக்கும் கை சோர்ந்துவிடும். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து விலகிவிட்டு, பிறகு கரைக்கு வாருங்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், குளிக்கும் எல்லையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள்தான் குளிக்க வேண்டும்.

முதலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பயமுறுத்த அல்ல. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்னும் பகுதியில் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை தாக்கிக் கொன்றது. அலையாத்திக் காடு இருக்கும் இடம், ஓடை கடலில் கலக்கும் இடம், எச்சரிக்கைப் பலகை வைத்த இடம் ஆகியவற்றில் கால்கூட நனைக்க வேண்டாம். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆளில்லாத தனிக் கடற்கரை வேண்டும் என்று தேடிப் போகிற ஆசை உங்கள் வயதில் இயல்பு. அங்கே நடக்கலாம், உட்காரலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது.

ஸ்கூபா (முதுகில் காற்று உருளையோடு கடலுக்கடியில் முங்குவது) செய்வீர்கள் என்று நினைக்கிறேன், தாராளமாகச் செய்யுங்கள். பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார், நீச்சல் தெரியாதவர்கள்கூடப் போகிறார்கள். ஆனால் கிணற்றில் முங்கிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் ஊறியிருக்கும்: தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்குவது. ஸ்கூபாவில் அதைச் செய்யவே கூடாது. அழுத்தத்தில் இழுத்த காற்று நீங்கள் மேலே வரும்போது விரியும்; மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரையோரம் இடுப்பளவு தண்ணீரிலேயே அரை மணி நேரம் இதைப் பழகிக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தும் ஆளோடு போகாதீர்கள். ஆஸ்துமா, காதில் தொந்தரவு, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கூபா செய்தபின் ஒரு முழு நாள் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஆகவே அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காமல் ஹேவ்லாக் போன இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள்.

தங்குவதற்கு ஹேவ்லாக்கில் விஜய்நகர் பக்கம் பாருங்கள். தென்னந்தோப்புக்குள் குடில் குடிலாக இருக்கும், முதுகுப் பைக்காரர்களுக்கு ஏற்ற வாடகை. கடல் வாசலிலேயே இருந்தாலும், வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறை தெரியும். குளிக்க ராதாநகருக்குத்தான் போக வேண்டும். படகுத்துறையிலிருந்து ராதாநகருக்குப் பஸ் உண்டு. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் ஓட்டுநர் உரிமம், இரண்டு ஹெல்மெட், எடுப்பதற்கு முன் வண்டியில் இருக்கும் கீறல்களைப் போனில் படம் பிடித்துக்கொள்வது, இந்த மூன்றும் முக்கியம். இருட்டியபின் அந்தச் சாலை வளைவுகளில் ஓட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கோவிந்த் நகர் கடைத்தெரு போங்கள். அந்தத் தீவில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று வீட்டுச் சமையல்போலவே கிடைக்கும். மீன் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால் முட்டையும் கோழியும் உண்டு. காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டும் என்பதால் சைவச் சாப்பாடு மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இட்லி, தோசைக்கும் பேச்சுத் துணைக்கும் பஞ்சமில்லை. 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஹேவ்லாக்கில் போனில் பணம் கட்டுவதை நம்பி நிற்க வேண்டாம். போர்ட் பிளேரிலேயே நான்கு நாள் செலவுக்கு ரொக்கம் எடுத்து, இருவர் பையிலும் பிரித்து வையுங்கள்.

இருவரும் ஊரிலேயே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. யார் எதை முடிவு செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அறை உங்கள் பொறுப்பு, வண்டியும் வழியும் அவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால், அறை பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லும்போது அவர் வாதாடக் கூடாது; வழி தப்பும்போது நீங்கள் குத்திக்காட்டக் கூடாது. ஒரு நாள் செலவுக்கு மேல்வரம்பு ஒன்று, அதைத் தாண்டுவதற்கு இருவர் சம்மதமும் வேண்டும். நடுவில் ஒரு நாள் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொள்ளலாம் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்: அவர் மீன் பார்க்கப் போகட்டும், நீங்கள் தென்னை நிழலில் படுத்திருங்கள். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் தம்பதிக்கு எட்டு நாள் முழுதும் தனியாக இருப்பது புதிது. அது நல்லதுதான். ஆனால் அதற்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும்.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து எடுத்துப் பையில் போடாதீர்கள். செத்த பவளமாக இருந்தாலும் எடுத்துச் செல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். பாராடாங் தீவுக்குப் போக நினைத்தால், அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டின் வழியாகப் போகிறது. வண்டிகளை ஒன்றாகச் சேர்த்துக் காவலோடு அனுப்புவார்கள். அந்த மக்களைப் படம் எடுப்பது, வண்டியை நிறுத்துவது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே சட்டப்படி தண்டனைக்குரியவை. மனிதர்களை வேடிக்கை பார்க்கும் ஆசையில் அந்தச் சாலையில் போகிறவர்கள் போகாமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கிளம்பும் நாளுக்கு வருகிறேன். விமானத்தன்று காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கப்பல் ஏறி நேராக விமான நிலையம் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காற்று பலமானால் கப்பல் நின்றுவிடும். 2016 டிசம்பரில் புயல் மழையில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. ஜனவரியில் கடல் பொதுவாக அடங்கியிருக்கும், இருந்தாலும் முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள்.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பீர்கள். ஒரு தாளில் போய்வரும் விமானங்களின் எண், முதல் மூன்று இரவுகளும் கடைசி இரவும் தங்கும் விடுதிகளின் பெயர், தொலைபேசி எண், கப்பல் நேரம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தங்குமிடம் தெரிந்துவிட்டால் பெரியவர்களுக்குப் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். தீவில் ஒரு நாள் முழுக்க போன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். போர்ட் பிளேருக்குத் திரும்பி நீங்கள் எந்த நாள், எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்பதையும் அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.